மழவராயர் கேட்ட லாயம்

பூவானி நாட்டில் ஏகாம்பரன் என்றொரு வழக்காடி இருந்தார். ஊராருடைய வாய்க்கால் தண்ணீருக்காக ஊர்ச்சபையில் சண்டை போட்டே மேலே வந்த ஆள். அந்த வாயைக் கேட்டு மயங்கிய அரசர் பரிதிவளவர் அவரை மந்திரியாக்கினார். கடைசியில் ஏகாம்பரன், பதவியெல்லாம் போதும் என்று, கல்விச்சாலையைக் கேட்டு வாங்கிக்கொண்டு அதற்குத் தலைவராகப் போய் உட்கார்ந்தார்.

உட்கார விட்டால்தானே! அரசியின் தம்பி மழவராயர் படைத்தலைவர். கல்விச்சாலைக் கட்டடத்தின் மேல் கண் வைத்தார்.

"நல்ல காற்றோட்டம் அத்தான். என் குதிரைகளுக்கு லாயமாக்கிக்கொள்கிறேன்."

மறுத்தால் அந்தப்புரத்தில் சோறு கிடைக்காது. "சபையில் வாதாடி ஜெயித்தவருக்குக் கட்டடம்" என்று அரசர் கழன்றுகொண்டார்.

ஏகாம்பரன் அதுவரை பார்த்ததெல்லாம் அடுத்தவர் வழக்கு. தோற்றாலும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கலாம். இதில் தோற்றால் அவருடைய மாணவர்கள் தெருவில் நிற்பார்கள்.

அந்தச் சபையில் ஒரு முறை உண்டு. எதிராளியின் கட்சியை, அதாவது அவர் தரப்பு நியாயத்தை, முதலில் நாம் சொல்லவேண்டும். அவர் ஒப்புக்கொண்ட பிறகே நம் கட்சி. ஒப்புக்கொண்டதை அப்புறம் மாற்றிப் பேச முடியாது.

ஏகாம்பரன் எழுந்தார். "மழவராயரே, நாட்டைக் காப்பது குதிரை. ஏட்டுச்சுவடி இல்லை. சரிதானே?"

"ஆமாம்!"

"மாணவன் மரத்தடியிலும் படிப்பான். குதிரை மழையில் நனையலாமா?"

"கூடவே கூடாது!"

"தங்களைப் போல் அக்கறை வேறு எவனுக்காவது வருமா?"

"எவனுக்கும் வராது!" மீசை தானாக முறுக்கிக்கொண்டது.

"ஆகவே உண்மையான படைத்தலைவன் குதிரையோடுதான் உண்பான், குதிரையோடுதான் உறங்குவான்."

"பேஷ்! அப்படிச் சொல்லும்!"

"இதுதானே தங்கள் கட்சி?"

"இதேதான்! சபையோர் எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்!"

ஏகாம்பரன் அரசரைக் கும்பிட்டார். "கட்டடம் அவருக்கே, அரசே. இன்றைக்கே குதிரைகளோடு குடியேறட்டும். அவர் மாளிகை காலியாகிறது. என் பிள்ளைகள் அங்கே போய்ப் படித்துக்கொள்வார்கள். கட்டில் மெத்தையையும் விட்டுவிட்டுப் போகட்டும். அவருக்குத்தான் வைக்கோல் இருக்கிறதே!"

மழவராயர் அவசரமாக அரசர் பக்கம் திரும்பினார். "அத்தான்... குதிரைகள் இருக்கிற இடத்திலேயே சௌக்கியமாகத்தான் இருக்கின்றன."

"அப்படியானால் வழக்கு?"

"வழக்கே இல்லை அத்தான்!"

அரசர் சிரித்த சிரிப்பில் கிரீடம் நழுவியது. கழுத்து மாலையைக் கழற்றி நீட்டினார். "ஏகாம்பரரே, என்ன வாதம் ஐயா உம்முடைய வாதம்!"

"என் வாதமா?" ஏகாம்பரன் விழித்தார். "அதை நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே, அரசே!"