பெட்டிக்குள் ஏறிய மாப்பிள்ளை

ஏழரைப்பட்டிக்காரர்களிடம் ஒரு நல்ல குணம் உண்டு. யார் எதைச் சொன்னாலும் சொன்னது சொன்னபடி செய்துவிடுவார்கள். உத்தண்டியின் கல்யாணம் அப்படி நடந்ததற்கும் அதுதான் காரணம்.

கொள்ளுத்தாத்தாவின் சரிகை வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் தாலி கட்ட வேண்டும் என்பது அவன் குடும்ப வழக்கம். வேட்டி பழைய தேக்குப் பெட்டியில் இருந்தது. பெட்டியில், அமுக்கினாலே சாவியில்லாமல் பூட்டிக்கொள்ளும் கனத்த அமுக்குப் பூட்டு தொங்கியது. அன்று சாயங்காலம் முகூர்த்தம். சாவி எங்கே என்று உத்தண்டி அண்ணன் மருதையனைக் கேட்டான்.

"பத்திரமாத்தான் இருக்கு தம்பி. தொலைஞ்சிடக் கூடாதுன்னு பெட்டிக்குள்ளேயே போட்டுப் பூட்டிட்டேன்."

உத்தண்டிக்கு நிம்மதியாக இருந்தது.

பெட்டியைத் திறக்க வழி கேட்டு இருவரும் ஓடினார்கள். ஊருக்குப் புதிதாக வந்து கடை போட்டிருந்த பூட்டுக்காரர், கடையை விட்டு வர முடியாது, எண்ணெய் விட்டு ஊற வையுங்கள் என்றார். அண்ணனும் தம்பியும் பெட்டியை மணையில் ஏற்றி, உச்சி முதல் கால்வரை நல்லெண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு வெந்நீரில் குளிப்பாட்டினார்கள். எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பகலில் தூங்கக் கூடாதே. அதனால் பெட்டி கண்ணயராதபடி உத்தண்டி பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தான். பெட்டி தூங்கவில்லை. திறக்கவும் இல்லை.

மறுபடி பூட்டுக்காரரிடம் ஓடினார்கள். லேசாகத் தட்டிக் கொடுங்கள், திறந்துகொள்ளும் என்றார் அவர். உத்தண்டி பெட்டியின் முதுகில் தட்டிக் கொடுத்து, அதைப் போல ஒரு பெட்டி இந்த வட்டாரத்திலேயே கிடையாது என்று சொன்னான். சொல்லும்போது அவனுக்கே கண் கலங்கிவிட்டது. பெட்டி அசையவில்லை.

மூன்றாம் முறை பூட்டுக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு திருப்புளியைக் கொடுத்து, பின்பக்கக் கீலைக் கழற்றச் சொன்னார். கழற்றினார்கள். மூடி பின்பக்கமாக எழும்பியது. உள்ளே வேட்டியும் தெரிந்தது, சாவியும் தெரிந்தது. உள்ளே கையை நுழைத்த உத்தண்டியை மருதையன் தடுத்தார்.

"பின்பக்கமா எடுத்தா அதுக்குப் பேரு திருட்டு."

"நம்ம வேட்டிதானே அண்ணே?"

"நம்ம வேட்டியை நாமே திருடினா இன்னும் கேவலம். வேட்டியும் போச்சு, திருட்டுப் பட்டமும் வந்துச்சு."

உத்தண்டி யோசித்துப் பார்த்தான். நுழைத்த கையை வெளியே எடுத்துக்கொண்டான். கடைசியில், அவனே உள்ளே இறங்கி, சாவியை எடுத்து, முறைப்படி பூட்டைத் திறப்பது என்று முடிவாயிற்று. அவன் இறங்கியதும் மருதையன் கீலை இறுக்க முடுக்கினார். உத்தண்டி படுத்தபடியே வேட்டியைக் கட்டிக்கொண்டு, இருட்டில் வெகுநேரம் சாவித்துவாரத்தைத் தடவினான்.

"அண்ணே, பூட்டு வெளியில இருக்கு."

"வெளியிலதான் இருக்கும். உள்ளே இருந்தா திருடன் எப்படிப் பார்த்துப் பயப்படுவான்?"

பின்பக்கமாகத் தன்னை எடுத்துவிடும்படி உத்தண்டி கெஞ்சினான். அது மாப்பிள்ளைத் திருட்டு என்று மருதையன் மறுத்துவிட்டார். முகூர்த்தம் நெருங்கவே, பெட்டியை அப்படியே தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குப் போனார்கள்.

பலகை விரிசல் வழியாக உத்தண்டிக்கு மணப்பெண் செங்கமலத்தின் மருதாணிப் பாதங்கள் மட்டும் தெரிந்தன. அதற்கே வெட்கம் வந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். வெளியே அவள் அப்பா காளியப்பன் நிதானமாக ஆராய்ந்துகொண்டிருந்தார்.

"தாலி ஏறணும்னா மாப்பிள்ளை கை வெளியே வரணும். இல்லே, பொண்ணு கழுத்து உள்ளே போகணும்."

பின்பக்கமாக எடுத்தால்தான் திருட்டு, வைப்பதில் தப்பில்லை என்று மருதையனும் ஒப்புக்கொண்டார். கீலைக் கழற்றி, செங்கமலத்தைத் தாலியோடு உள்ளே வைத்து, மறுபடி முடுக்கினார்கள். கெட்டிமேளம் கொட்டியது. இருட்டில் உத்தண்டி போட்ட முதல் முடிச்சு அவள் பின்னலில் விழுந்தது. அவளே அதை அவிழ்த்துக் கழுத்தைக் காட்டினாள்.

மாப்பிள்ளை வீட்டு வாசலில் மருதையன் மனைவி ஆலம் சுற்றி, வலது காலை எடுத்து வைத்து வரச் சொன்னாள். பெட்டிக்கு வலப்பக்கம் இரண்டு கால். ஒன்றை விட்டால் மற்றது கோபித்துக்கொள்ளும் என்று, தூக்கி வந்தவர்கள் இரண்டையும் சேர்த்தே உயர்த்தினார்கள். பெட்டி இடப்பக்கமாகக் குடைசாய்ந்து, கல்லில் மோதி, பூட்டு தெறித்தது. புருஷனும் பெண்டாட்டியும் உருண்டு வந்து வாசலில் விழுந்தார்கள்.

உத்தண்டி எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டான். செங்கமலத்தின் முகத்தை அப்போதுதான் நன்றாகப் பார்த்தான். அவள் சிரித்தாள். மருதையன் மட்டும் சிரிக்கவில்லை.

"வலது காலை வச்சு வரச் சொன்னா, இடது பக்கமா விழறீங்களே. உள்ளே போங்க, முதல்ல இருந்து வருவோம்."

அண்ணன் சொல்வது நியாயமாகத்தான் பட்டது. உத்தண்டி செங்கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் ஏறினான். பூட்டு உடைந்துவிட்டதால், மூடி திறந்துகொள்ளாமல் இருக்க மருதையனே அதன்மேல் ஏறிச் சப்பணமிட்டு உட்கார்ந்து, "ம், இப்பத் தூக்குங்க" என்றார்.