சாமி சிலைக்கு உபயம்

“சிற்பி கேட்கிறார் அம்மா. இறக்கையை விரிச்சு வைக்கவா, மடிச்சு வைக்கவா?”

கேட்டவர் தாண்டவராயன். கால்நடை ஆஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருந்து ஓய்வு பெற்று, அறுபதைத் தாண்டிய பிறகு மலைமடத்துக்குச் சீடராக வந்தவர். குரு மங்கையர்க்கரசிக்கு அவருடைய மகள் வயது.

உச்சிவேளையில் மடத்தார் பாறையில் பொங்கல் வைப்பார்கள். மலையுச்சியில் கூடு கட்டியிருக்கும் கழுகுகள் இரண்டும் வந்து கொத்திவிட்டுப் போகும். அப்புறம்தான் மற்றவர்களுக்கு இலை.

கழுகு என்று அங்கே யாரும் சொல்வதில்லை. வாய் தவறிச் சொன்னால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். சாமி என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வாரம் ஒரு சாமி கழுத்துத் தொங்கி விழுந்து செத்தது. மற்றது குஞ்சோடு கூட்டிலேயே கிடக்கிறது.

தாண்டவராயன் இரண்டு நாள் சாப்பிடாமல் அழுதார். மூன்றாம் நாள் சிற்பியைப் பார்க்கப் போய்விட்டார். அழுது முடித்ததும் சிலை வைப்பது நமக்குப் புதிதா என்ன?

“இன்னொரு சாமியும் எத்தனை நாளைக்கு அம்மா? காலம் அப்படி. சிலை இருந்தா வழக்கமாவது நிக்காது.”

“கீழே உபயம்னு பேர் வெட்டுவாங்களே. யார் பேரு?”

அவர் கூச்சத்தோடு, மடத்து அடியார்கள் என்று போட்டால் போதும் என்றார். சொன்ன விதத்திலேயே ஆசை தெரிந்தது.

தொழுவத்தில் செங்கமலம் முனகியது. கிழட்டுப் பசு, நேற்றிலிருந்து எழவில்லை, இனிப் பிழைக்காது. தாண்டவராயன் பையிலிருந்து ஊசியை எடுத்தார்.

“என்ன மருந்து?”

“வலிக்கு அம்மா. பத்து நாளுக்கு முன்னாடி செத்த மாட்டுக்கும் இதைத்தான் போட்டேன். நோவு தெரியாம போச்சு.”

“செத்ததைப் பள்ளத்துலதானே போட்டீங்க?”

“ஆமா அம்மா. சாமிங்க சாப்பிடட்டும்னு.”

“ஆஸ்பத்திரியிலயும் இதைத்தான் போடுவாங்களா?”

“இல்லம்மா, நிறுத்தியாச்சு. இந்த ஊசி போட்ட மாட்டைத் தின்னா கழுகு சாகும்னு நோட்டீஸ் வந்தது. நான்தான் பசை தடவிச் சுவத்துல ஒட்டினேன். ஆனா அது கழுகுக்கு. நம்ம...”

கையிலிருந்த ஊசியைப் பார்த்தார்.

அன்று அவர் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை.

குரு அவர் கையிலிருந்த ஊசியை வாங்கிக் கீழே வைத்தார்.

“உபயத்துல உங்க பேரைப் போடச் சொல்லுங்க. பக்கத்துல என் பேரு. பள்ளத்துல போடச் சொன்னது நான்.”

செங்கமலம் மறுபடி முனகியது. தாண்டவராயனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இதுக்கு வலிக்குதே அம்மா.”

“வேற மருந்து கிடையாதா?”

“இருக்கு. கழுகுக்கு ஒண்ணும் செய்யாது. டவுனுக்குப் போகணும். இது கைவசம் இருந்துச்சு.”

அவர் மலையுச்சியை அண்ணாந்து பார்த்தார். கூட்டின் விளிம்பில் ஒரு தலை அசைந்தது.

“அந்த ஒத்தைச் சாமி அம்மா...”

“அது இன்னும் கல்லாகலை. டவுன் பஸ் எத்தனை மணிக்கு?”