மடக்கிய குடை

சீன தேசத்தில் ஒரு புதிய பேரரசர் அரியணை ஏறினார். அண்ணனைத் தீர்த்துக்கட்டிவிட்டு ஏறிய அரியணை. அதில் உட்கார முடிந்ததே தவிர, நிம்மதியாகக் கண்ணயர முடியவில்லை.

அவருக்கு மஞ்சள் பட்டுக்குடை பிடிக்கும் ஆட்களின் தலைவன் ஹான் ஷோ. ஐம்பதை நெருங்கியவன். ஒரு மழைநாளில் அவன் மலையேறித் தன் குருவைத் தேடி மடத்துக்கு வந்தான். முகம் பேயறைந்தாற்போல் இருந்தது.

தாழ்வாரத்தில் குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"குருவே, அரசர் புதிய வேலை தருகிறார். குடைக்காரனை யாரும் ஆளாகவே மதிப்பதில்லையாம். எங்கள் காதுபட எல்லாம் பேசுகிறார்களாம். கேட்டதை இனி அவரிடம் சொல்ல வேண்டும். அவர் கைகாட்டும் ஆளைப் பிடித்துவர வேண்டும்."

"நீ என்ன சொன்னாய்?"

"நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். மாட்டேன் என்றால் என் தலை போகும். சரி என்றால் எத்தனை தலை போகுமோ."

"ஏற்கலாம் என்று பார்க்கிறாய்."

"நான் இல்லாவிட்டால் ஈவிரக்கமற்ற எவனாவது ஏற்பான். நானென்றால் கேட்டதில் பாதியை மறைத்துவிடுவேன். சொந்த அண்ணனையே கொன்ற மனிதரிடம் வேறு எப்படிப் பிழைப்பது?"

குரு அவனை முற்றத்துக்கு அழைத்துப்போனார். அவனுடைய குடையையே விரித்து, பின்னால் நின்று பிடித்தார். குடையின் எண்ணெய்த்தாளில் மழை படபடவென்று கொட்டியது. அவர் ஏதோ மெல்லச் சொன்னார்.

"சத்தத்தில் காதில் விழவில்லை, குருவே."

"அப்படியானால் மழைநாளில் எப்படி ஒட்டுக்கேட்பாய்?"

"குடையை மடக்கிவிட வேண்டியதுதான்."

சொன்ன பிறகு அவனுக்கே உடம்பு கூசியது. ஏற்குமுன்பே வேலையின் நெளிவுசுளிவு வந்துவிட்டது.

"துணைக்கு யார் வந்தார்கள்?"

"யெ தாங். என் கீழே குடை பிடிப்பவன், என் தங்கை மகளைக் கட்டியவன். அவனாகத்தான் வருகிறேன் என்றான். வெளியே நிற்கிறான்."

"அவனுக்கு இது தெரியுமா?"

"தெரியாது. அரசர் என்னிடம் மட்டும்தான் சொன்னார்."

குரு போய் வாசல் கதவைத் திறந்தார்.

யெ தாங் மதிலோடு ஒட்டி நின்றிருந்தான். தலையிலிருந்து தண்ணீர் வழிந்தது. மடக்கிய குடை அக்குளில் இருந்தது. அவன் ஹான் ஷோவின் முகத்தைப் பார்க்கவில்லை.

ஹான் ஷோ அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"உள்ளே வாப்பா," என்று குரு யெ தாங்கை அழைத்தார். "கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று. இனிமேல் குடையை விரித்துக்கொள்ளலாம்."