பதினோரு இலைக்கு மூணு கடை

அலை வந்து அடி தொட்டுத் திரும்புற செந்தூர்க் கரையில, கையில வேலும் முகத்துல சிரிப்புமா நிக்கிற எங்கப்பனே, முருகா! அளந்து கொடுக்கிற கையும் உன் கை, ஏந்தி வாங்குற கையும் உன் கை. இந்தப் பிள்ளை கண் அசருற வரைக்கும் என் நாக்குல நல்ல சொல்லா வந்து உட்காரப்பா.

ம், கண்ணை மூடிக்கோ தங்கம். காது திறந்திருந்தாப் போதும்.

ஒரு ஊர்ல ஒரு உலகம்மை இருந்தா. ஊரு தென்காசிப் பக்கம். வீட்டுக்காரர் கந்தையா, தையல்காரர். ஒரே மக, ஆவுடை. அந்த ஆவுடைக்கு மூணு வயசுல ஒரு காய்ச்சல் வந்துச்சு பாரு, உடம்பு அனலாக் கொதிக்குது, பிள்ளை கண்ணே திறக்கலை. உலகம்மை செந்தூர் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டா. "முருகா, என் பிள்ளை கண்ணைத் திறக்கட்டும். வருஷா வருஷம் தைப்பூசத்துக்கு உன்னைப் பார்க்க நடந்து வாரவங்கள்ல பதினோரு பேருக்கு, என் கையால இலை போட்டுச் சோறு போடுதேன்"னா. பொழுது விடிஞ்சுது. பிள்ளை கண்ணைத் திறந்து, "அம்மா, பசிக்கி"ன்னுச்சு.

அப்புறம் ஆறு வருஷம் தவறாம நடந்துச்சு. பூசம் வந்தா உலகம்மை சாமான் சிட்டையை எழுதித் தெருமுனைக் கடை அண்ணாச்சி கையில கொடுப்பா. அண்ணாச்சி பேரு சிவனணைஞ்சபெருமாள். அவர் அரிசி, பருப்பு, எண்ணெய், வெல்லம் எல்லாத்தையும் மடமடன்னு கட்டி வச்சிருவார். இவ விலை கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை. கையில இல்லாத நாள்லயும் முகம் சுளிக்காமக் கொடுத்த மனுஷர்.

ம் சொல்லுறியா? சரி.

ஏழாம் வருஷம் கந்தையா படியில சறுக்கி விழுந்து வலது கை முறிஞ்சு போச்சு. கையில மாவுக்கட்டு. தையல் மெஷின் ரெண்டு மாசமாச் சும்மா கிடக்கு. போன வருஷம் ரெண்டாயிரத்துக்கு மேல ஆன காரியம். இந்த வருஷம் உலகம்மைகிட்ட இருக்கிறதோ ஆயிரம் ரூபாதான்.

கந்தையா சொன்னார், "இந்த வருஷம் விட்டுருவோமே. சாமி கோவிச்சுக்காது."

"நாம கேட்டப்போ, அடுத்த வருஷம் பார்ப்போம்னு அவன் சொல்லலையே"ன்னா உலகம்மை.

 அவர் கட்டுப் போட்ட கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டார்.

அப்போ அவ யோசிச்சா. எல்லாத்தையும் ஒரே கடையில வாங்கினாத்தானே அத்தனை ரூபா? எது எங்க மலிவோ அதை அங்க வாங்குவோம்னு, ஒரு தூக்குவாளியில மோர்ச்சோறைக் கட்டிக்கிட்டு, ரெண்டு பையை எடுத்துக்கிட்டு, விடிஞ்சதும் கிளம்பிட்டா. தட தட தடன்னு நடை.

முதல்ல அரிசி மண்டி. மலை மலையா மூட்டை. "அஞ்சு கிலோ அரிசி, ஒரு கிலோ பருப்பு வேணும்"னா.

மண்டிக்காரர் சிரிச்சார். "தாயி, இங்க சில்லறை கிடையாது. மூட்டையாத்தான் கொடுப்போம்."

அஞ்சு கிலோவுக்கு வந்தவ இருபத்தஞ்சு கிலோ மூட்டையை வாங்க முடியுமா? முகம் சுண்டிப் போச்சு. திரும்பிப் பார்த்தா, இவளை மாதிரியே இன்னும் ரெண்டு பேர் பையைச் சுருட்டிக்கிட்டு நிக்காங்க. ஒருத்தி பாத்திமுத்து, மக கல்யாணம் வச்சிருக்கா. இன்னொருத்தி இட்லிக்கடை ஞானப்பூ.

"ஆளுக்குப் பத்து கிலோ எங்களுக்கு, உனக்கு அஞ்சு. மூணு பேரும் ஒரு மூட்டையை எடுத்துப் பிரிச்சுக்குவோமா?"ன்னா ஞானப்பூ.

"பருப்பையும் அப்படியே பிரிப்போம். ஏங்க மண்டிக்காரரே, இப்போ நாங்க மூட்டைக்காரங்க. மரியாதையாப் பேசணும் பாத்துக்கிடுங்க!"ன்னா பாத்திமுத்து.

சர சர சரன்னு அரிசி மூணு பைக்குள்ள விழுந்துச்சு. கிலோவுக்குப் பத்து ரூபா மிச்சம்!

அப்புறம் எண்ணெய்க் கடை. அங்க இருந்த பெரியவர் பேரு மாடக்கண்ணு. "எண்ணெய் மலிவுதான். பாத்திரம் கொண்டு வந்தியா? கேனுக்குத் தனி விலை"ன்னார்.

பாத்திரம் ஏது? இருக்கிறது சோத்துத் தூக்கு ஒண்ணுதான். அங்கேயே ஓரமா உட்கார்ந்து, மோர்ச்சோறை லபக் லபக்னு சாப்பிட்டு முடிச்சா. குழாயில தேய்ச்சுக் கழுவினா.

"ஈரம் இருந்தா எண்ணெய் படபடன்னு வெடிக்கும். வெயில்ல கவுத்து வை. நான் கடையை அடைக்கப் போறதில்லை"ன்னார் மாடக்கண்ணு.

தூக்கு காயுற வரைக்கும் அவ காத்திருந்தா. அப்புறம் கொள கொள கொளன்னு ரெண்டு லிட்டர். தகரத்துல வடிஞ்ச கடைசிச் சொட்டையும் அவர் இவ தூக்குலயே வடிச்சு விட்டார்.

மூணாவது, காய்கறிச் சந்தை. மத்தியான விலையைக் கேட்டா நெஞ்சு அடைக்குது. பொழுது சாய்ஞ்சா விலை இறங்கும். ஆனா அதுக்குள்ள காய் தீர்ந்துட்டா? பூசணியும் முருங்கையும் கண்ணு முன்னால கரையுது.  கடைசியில, கத்திரிக்காய் விக்கிற ஒரு வயசான அம்மா சாக்கை உதறுறப்போ போய் நின்னா.

"என்னட்டி, மத்தியானத்துலேர்ந்து என்னையே பார்த்துக்கிட்டு நிக்கே? கடன்காரிபோல!"ன்னா அந்த அம்மா.

"செந்தூர் நடக்கிறவங்களுக்குச் சோறு போடணும், ஆச்சி. கையில இவ்வளவுதான்."

அந்த அம்மா முகம் மாறிப்போச்சு. கத்திரிக்காய், பூசணி, முருங்கை எல்லாத்தையும் கூறு கூறா அள்ளிப் பையில போட்டா. பாதி விலைதான் வாங்கினா. மேல ஒரு பிடி கறிவேப்பிலை வச்சா. "எனக்கு அங்க நடக்க முழங்கால் இல்லை. என் கத்திரிக்காயாவது நடக்கிறவங்க வயித்துல போகட்டும்"னா.

தூங்கிட்டியா? இல்லையா? கேளு, இனிமேதான் இருக்கு.

தலையில அரிசி, இடுப்புல காய்ப்பை, கையில எண்ணெய்த் தூக்கு. உலகம்மைக்குக் கால் தரையில பாவலை. தெருமுனைக்கு வந்தா. அங்க அண்ணாச்சி கடை! திடுக்னு நின்னுட்டா. இத்தனை வருஷம் கொடுத்த மனுஷர் முன்னால, வேற கடைச் சாமானைத் தூக்கிக்கிட்டு எப்படிப் போறது? வெட்கம் பிடுங்கித் தின்னுச்சு. சரி, வாய்க்கால் வரப்பு வழியாச் சுத்திப் போயிருவோம்னு திரும்பினா.

வரப்போ ஈரம். மெல்ல மெல்ல காலை வச்சா. சர்ருக்! வழுக்கிருச்சு. அரிசியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. காயும் தப்பிச்சுது. எண்ணெய்த் தூக்கு மட்டும் டணங் டணங்னு உருண்டு, மூடி ஒரு பக்கம், எண்ணெய் ஒரு பக்கம். ரெண்டு லிட்டரையும் மண்ணு குடிச்சிருச்சு.

உலகம்மை அங்கேயே உட்கார்ந்து அழுதா. எண்ணெய் இல்லாம எப்படித் தாளிக்கிறது, எப்படி அப்பளம் பொரிக்கிறது? மிச்சம் இருக்கிறது நாப்பது ரூபா. பொழுது விடிஞ்சா பதினோரு பேர் வருவாங்க. கடைசியில கண்ணைத் துடைச்சுக்கிட்டு, எந்தக் கடைக்குப் பயந்து ஓடினாளோ அந்தக் கடைக்கே வந்து, சேலையெல்லாம் சேறும் எண்ணெயுமா நின்னா.

"அண்ணாச்சி, நான் வேற கடைக்குப் போனேன். உங்க முகத்துல முழிக்க வெட்கப்பட்டு வாய்க்கால் வழியாப் போய், எண்ணெயைக் கொட்டிட்டேன்."

 அண்ணாச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சார். "ஏ உலகம்மை, காலையில மண்டியில நானும் இருந்தேன். உன்னைப் பார்த்ததும் மூட்டைக்குப் பின்னால போய் ஒளிஞ்சேன்!"

"நீங்க எதுக்கு அண்ணாச்சி ஒளியணும்?"

"அங்க வாங்கித்தானே பத்து ரூபா கூட்டி உனக்கு விக்கேன்! அது தெரிஞ்சா இவ என்ன நினைப்பாளோன்னு எனக்கு வெட்கம். தும்மல் வேற வந்துச்சு, மூக்கைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். பிழைக்கிறவன் நாலு கடை ஏறி இறங்கத்தான் செய்வான். நான் ஏறலாம், நீ ஏறக்கூடாதா?"

உலகம்மைக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்துச்சு.

அண்ணாச்சி சொன்னார், "இனிமே அரிசி, பருப்பு அங்க வாங்கு. கடுகு, பெருங்காயம், வெந்தயம் கொஞ்சம் கொஞ்சமா வேணும்னா என்கிட்ட வா. அதுக்காகப் பஸ் ஏறினா, மிச்சம் பிடிச்ச காசு பஸ்ஸுக்குப் போயிரும்." சொல்லிக்கிட்டே ரெண்டு லிட்டர் எண்ணெயை எடுத்து வச்சார்.

அவ கையை நீட்டலை. "அண்ணாச்சி, நாப்பது ரூபாதான் இருக்கு. என் வேண்டுதலுக்கு நீங்க கொடுக்கலாமா?"

"நாப்பதுக்கு வெல்லம் வாங்கிக்கோ. இந்த எண்ணெய் உனக்கு இல்லை, அவனுக்கு. செந்தூரான் பந்தியில எனக்கும் ஒரு பங்கு விடேன் தாயி"ன்னு கை கூப்பினார். உலகம்மை ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டா.

மறுநாள் பச்சை வேட்டியும் காலெல்லாம் புழுதியுமா, "அரோகரா!"ன்னு பதினோரு பேர் வந்தாங்க. பதினோரு இலை விழுந்துச்சு. சாம்பார் கொதக் கொதக், கறிவேப்பிலை சொய்ங், அப்பளம் நொறுக் நொறுக். வலது கை மாவுக்கட்டுல, இடது கையால பரிமாறக் கூடாதேன்னு கந்தையா அதைப் பின்னால வச்சுக்கிட்டு, "இன்னும் போடு, இன்னும் போடு"ன்னு வாயாலயே பரிமாறினார். மக ஆவுடை தண்ணி ஊத்தினா.

கை கழுவிட்டு, கூட்டத்துக்குப் பெரியவரான குருசாமி எப்பவும் கேட்கிறதைக் கேட்டார். "தாயி, சந்நிதியில யார் பேருக்கு அர்ச்சனை?"

எப்பவும் மூணு பேர்தான் சொல்லுவா. கந்தையா, உலகம்மை, ஆவுடை. இந்த வருஷம் அந்த மூணையும் சொல்லிட்டு அவ நிறுத்தலை. "மூட்டை பிரிச்ச பாத்திமுத்து, ஞானப்பூ. சொட்டு வடிச்சுக் கொடுத்த மாடக்கண்ணு. கடைக்கார அண்ணாச்சி சிவனணைஞ்சபெருமாள்..."

"நீ சொல்லி முடிக்கதுக்குள்ள கோயில் நடையைச் சாத்திருவாங்க போல!"ன்னார் குருசாமி.

"இன்னும் ஒருத்தங்க இருக்காங்க சாமி. பேர் கேட்க மறந்துட்டேன். சந்தையில கத்திரிக்காய் விக்கிற அம்மான்னு சொல்லிருங்க."

"பேர் தெரியாதா? எப்படித் தாயி சொல்ல?"

"காயை யார் கொடுத்தான்னு அவனுக்குத் தெரியும் சாமி. நான் நன்றி சொன்னேன்னு மட்டும் சொல்லிருங்க"ன்னா உலகம்மை. குருசாமி சிரிப்பை விட்டுட்டு, அந்த வீட்டு வாசல்லயே கை கூப்பி நின்னார்.

அவ்வளவுதான் தங்கம், கதை கரை சேர்ந்துச்சு. இதைக் கேட்ட உன் இலை என்னைக்கும் நிறைஞ்சிருக்கட்டும். நீ போடுற இலையும் நிறைஞ்சிருக்கட்டும். உனக்குக் கொடுத்த கையை எல்லாம் நீ மறக்காம இருக்க, செந்தூரான் துணை நிக்கட்டும். தூங்கு.