மூன்றாம் விதியின் மேல் ஒரு கோடு

"இந்தத் தாளை எப்படி டீச்சர், அதிகாரி கண்ணுல காட்டுறது?"

சவரிமுத்து சார் சார்ட் தாளை விரித்துப் பிடித்தார். முப்பது வருஷம் கணக்கு எடுத்த மனுஷன். குடிமையியல் வாத்தியார் மாறுதலில் போக, எட்டாம் வகுப்புக் குடிமையியலை ஜூனில் இவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

தலைமையாசிரியை மெஹர்பானுவுக்கு அவர் மகள் வயசுதான். ஆனாலும் அந்தப் பாடத்தில் சந்தேகம் வந்தால், சார் மாணவனைப்போல் அவர் முன்னால்தான் போய் நிற்பார்.

தாளில் இருந்தது எட்டாம் வகுப்பின் அரசியலமைப்பு. பிள்ளைகளே கூடி எழுதியது. உரிமைகள் நாலு, விதிகள் ஐந்து. அடியில் ஒரு வரி: மூன்றில் இரண்டு பங்குப் பேர் கை தூக்கினால் எதையும் திருத்தலாம்.

வில்லங்கம் மூன்றாம் விதியில். 'கணக்கைத் தப்பாகப் போட்டவர் பீரியடு முடியும்வரை நிற்க வேண்டும்.' அதைச் சேர்க்கச் சொன்னதே சார்தான்.

ஆகஸ்டில் இருளப்பன் எழுந்து, நின்றால் கணக்கு வந்துவிடுமா என்று கேட்டான். வகுப்பு கை தூக்கியது. விதியின் மேல் சிவப்புக் கோடு விழுந்தது. பக்கத்தில் எழுதினார்கள்: 'திருத்தம் 1. உட்கார்ந்து மறுபடி போடலாம். கேட்டவர்: இருளப்பன்.'

இன்னும் ஒரு மணி நேரத்தில் கல்வி அதிகாரி வகுப்பைப் பார்வையிட வருகிறார். என்ன கோடு இது என்று கேட்டால்? பிள்ளைகளை நிற்க வைத்த வாத்தியார் என்று ஊரெல்லாம் தெரிந்துவிடுமே.

அதனால் புதுத் தாள் ஒன்றில் முத்து முத்தாக எழுதிக் கொண்டுவந்திருந்தார். அதில் கோடு இல்லை. இருளப்பனும் இல்லை. உட்காரலாம் என்பது முதல் நாளிலிருந்தே விதி என்பதுபோல இருந்தது.

மெஹர்பானு இரண்டையும் படித்தார். பழையதை வாங்கி வைத்துக்கொண்டார்.

"புதுசை மாட்டுங்க சார். நான் வந்து பார்க்குறேன்."



சார் வகுப்பில் அதை மாட்டினார். இருளப்பன் தன் பெயரைத் தேடிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். சார் அந்தப் பக்கமே திரும்பவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்கு இலையைப் பார்க்கத் தைரியம் ஏது?

முதல் பெஞ்சில் குருவம்மா. முந்தாநாள்தான் வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவள். தாளைப் படித்துக்கொண்டே வந்தவள் ஐந்தாம் விதியில் நின்றாள்.

'இடைவேளை மணி அடித்த பிறகே கழிப்பறைக்குப் போக வேண்டும்.'

மணிக்கு இன்னும் அரைமணி இருந்தது. பிள்ளையின் முகம் வெளுத்துவிட்டது. காலோடு காலைப் பின்னிக்கொண்டு பெஞ்சை இறுகப் பிடித்தாள். என்னம்மா என்று சார் கேட்டதற்கு, ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள்.

திருத்தலாம் என்ற கடைசி வரியையும்தான் அவள் படித்தாள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

மெஹர்பானு உள்ளே வந்தார். பழைய தாளைப் புதுத் தாளுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டு ஜன்னலோரம் போய் நின்றுகொண்டார்.

குருவம்மா சிவப்புக் கோட்டைப் பார்த்தாள். அதன் பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்தாள். இருளப்பன் யார் என்று பக்கத்துப் பெண்ணிடம் மெதுவாகக் கேட்டாள். அவள் கடைசி பெஞ்சைக் காட்டினாள்.

அங்கே அவன் நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தான். கேட்டதற்காக அவனை யாரும் ஒன்றும் செய்துவிடவில்லை.

குருவம்மா எழுந்தாள்.

"சார், அஞ்சாவதையும் அடிக்கலாமா?"

வாசலில் அதிகாரியின் ஜீப் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. சார் மெஹர்பானுவைப் பார்த்தார். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

சார் புதுத் தாளைக் கழற்றிச் சுருட்டினார்.

"நீ முதல்ல போயிட்டு வா தாயி. வந்ததும் கை தூக்குவோம்."