எடை போதாத கதை

ஒரு காட்டில், ஆற்றோரத்து மருத மரத்தடியில், ஒரு நாள் காலையில் கூட்டம் கூடியது. வந்திருந்தவர்கள் இவர்கள்: கலைமான் ஒன்று, காட்டெருமை ஒன்று, நரி ஒன்று, முயல்கள் ஒன்பது, அணில்கள் பதினொன்று, மந்திகள் ஏழு, கீரிகள் இரண்டு, கண் மங்கிய சருகுமான் ஒன்று, ஆமை ஒன்று, மலை மைனாக்கள் ஐந்து. எல்லோருக்கும் பின்னால், ஒரு புதரை ஒட்டினாற்போல, முள்ளம்பன்றி ஒன்று. ஆக மொத்தம் நாற்பது. எறும்புகளும் இருந்தன. ஆனால் அவை ஓரிடத்தில் நிற்காததால் கணக்கில் சேரவில்லை.

கூட்டம் கூடியதே அந்த முள்ளம்பன்றியால்தான்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கதை எழுதுகிறவர்கள் அதைத் தேக்கிலைகளில் கீறி, நாரில் கோத்து, மருத மரத்துக்குக் கொண்டு வருவார்கள். நல்ல கதை என்றால் கிளையில் தொங்கவிடுவார்கள். வேண்டியவர்கள் வந்து படித்துக்கொள்ளலாம். எது நல்ல கதை என்று சொல்ல மூன்று பேர் இருந்தார்கள். கலைமான் தலைவர். அதற்குத் தன் கொம்பைப் போலவே தன் தீர்ப்பின் மீதும் பெருமை. காட்டெருமைக்குச் சூது தெரியாது, சொன்ன வேலையைச் செய்யும். நரி எப்படி என்று சொல்ல வேண்டியதில்லை.

முள்ளம்பன்றி கூச்சம் உள்ளது. நாலு பேர் எதிரே வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நிற்கும். ஆனால் அதன் மனதில் ஒரு கதை இருந்தது. யானையின் முதுகையே உலகம் என்று நம்பி வாழ்ந்த ஓர் எறும்பின் கதை. உதிர்ந்த தன் முள்ளாலேயே அதை இருபத்து நான்கு இலைகளில் கீறியது. ஒரு சொல் பிசகினாலும் இலையை எறிந்துவிட்டு மறுபடி கீறியது. பிறகு கூச்சத்தை விழுங்கிக்கொண்டு மருத மரத்துக்கு வந்தது.

முதல் முறை வந்தபோது காட்டெருமை இலைக்கட்டைக் கொம்பில் தூக்கிப் பார்த்து, எடை போதாது என்று திருப்பிக் கொடுத்தது. எடை பார்ப்பதுதான் அதற்குக் கொடுத்திருந்த வேலை.

அடுத்த முறை கலைமானே கேட்டது. "இதற்கு முன் உன் கதை ஏதாவது இந்த மரத்தில் தொங்கியிருக்கிறதா?"

"இல்லை ஐயா. இதுதான் முதல் கதை."

"முன்பே தொங்கியவர்களின் கதையைத்தான் நாங்கள் தொங்கவிடுவோம்."

"அப்படியானால் முதல் கதையை எங்கே தொங்கவிடுவது ஐயா?"

"அது உன் பாடு," என்றது கலைமான்.

மூன்றாம் முறை நரி இனிமையாகப் பேசியது. எறும்பை யார் படிப்பார்கள், ஒரு புலியைப் போடக் கூடாதா என்று கேட்டது. சரி, வைத்துவிட்டுப் போ, பார்க்கலாம் என்றது. முள்ளம்பன்றி வைத்துவிட்டுப் போனது. ஒரு மழைக்காலம் முழுவதும் காத்திருந்தது. திரும்பி வந்து பார்த்தபோது மரத்தடியில் ஒரு கறையான் புற்றுதான் இருந்தது. இருபத்து நான்கு இலைகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

அழுது பயனில்லை. அது தன் வளை வாசலில் உட்கார்ந்து, மறந்துவிடக் கூடாதே என்று கதையைத் தனக்குத்தானே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருந்தது. மேலே கிளையில் இருந்த ஒரு மலை மைனா அதைக் கேட்டது. முடித்ததும், ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொன்னது.

முள்ளம்பன்றி திகைத்துப் போனது. பிறகு அதற்குள் இருந்த கறார் விழித்துக்கொண்டது. "ஓடினான் இல்லை, ஓடியது. எறும்பு அஃறிணை. திரும்பச் சொல்லு பார்க்கலாம்," என்றது.

"விடமாட்டாயே அத்தை," என்று மைனா அலுத்துக்கொண்டது. ஆனாலும் திரும்பச் சொன்னது. கதை சரியாக வரும் வரை முள்ளம்பன்றி விடவில்லை. அந்த மைனா மற்ற நான்கு மைனாக்களுக்கும் கற்றுக் கொடுத்தது. ஐந்து மைனாக்களும் காடெங்கும் பறந்தன. கேட்கிறவர் இருக்கும் இடத்துக்கே கதை போயிற்று. மரத்துக்கு வரவேண்டிய அலைச்சல் இல்லை. சுமக்க இலை இல்லை. பிடித்திருந்தால் ஒரு பழம் கொடுப்பார்கள். அதில் பாதி மைனாவுக்கு, பாதி முள்ளம்பன்றிக்கு.

இது கலைமானின் காதுக்கு எட்டியது. அதனால்தான் அன்றைய கூட்டம்.

கலைமான் ஒரு கல்லின் மீது ஏறி நின்றது. இலையும் இல்லாமல், நாரும் இல்லாமல், காற்றில் திரிவதெல்லாம் கதையா என்று கேட்டது. மைனாக்கள் இனி அந்தக் கதையைச் சொல்லக் கூடாது, மீறினால் ஐந்தும் ஆற்றுக்கு அப்பால் போய்விட வேண்டும் என்றது. முள்ளம்பன்றி புதருக்குள் இன்னும் ஒடுங்கியது. மைனாக்கள் வாயை மூடிவிட்டால் அந்தக் கதை திரும்ப வளைக்குள் போய்விடும். அங்கே அதைக் கேட்க முள்ளம்பன்றியைத் தவிர யாரும் இல்லை.

"இலை வாசனை வேண்டாமா?" என்றது கலைமான். "கதை என்றால் கையில் எடுத்தால் ஒரு வாசனை வர வேண்டும்."

"நாங்கள் கேட்கத்தான் வந்தோம் அண்ணே, மோந்து பார்க்க இல்லை," என்று மந்திகளில் ஒன்று சொன்னது. அணில்கள் சிரித்தன. கலைமான் பார்த்த பார்வையில் சிரிப்பு அடங்கியது.

சருகுமான் தட்டுத் தடுமாறி முன்னால் வந்தது. அதற்குக் கண் மங்கி மூன்று வருடம். இலையில் கீறியது ஒன்றும் தெரிவதில்லை. மரத்தில் கதை தொங்குகிறது என்று சொல்வார்கள், காற்றில் இலை சலசலப்பது மட்டும் கேட்கும், அவ்வளவுதான் என்றது. "மூன்று வருடத்தில் நான் முழுதாகக் கேட்ட கதை அந்த எறும்புதான். அதையும் பிடுங்கிக்கொள்ளாதீர்கள்."

இரக்கம் வேறு, தரம் வேறு என்றது கலைமான். இன்று இதை விட்டால் நாளைக்கு யார் யாரோ மைனாவின் வாயில் கண்டதையும் போட்டு அனுப்புவார்கள், காடு முழுக்க உளறலாகிவிடும் என்றது. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. முயல்கள் தலையாட்டின.

அப்போதுதான் முள்ளம்பன்றி புதரை விட்டு வெளியே வந்தது.

"உண்மைதான் ஐயா. போன மாதம் உடும்பு தன் வாலைப் பற்றி ஒரு கதை சொல்லி அனுப்பியது. மைனா அதை மூன்று இடத்தில் சொன்னது. நான்காவது இடத்தில் கேட்க ஆள் இல்லை. இப்போது மைனாவுக்கே அது மறந்துவிட்டது. யாரும் கேட்காத கதை தானாகவே போய்விடும் ஐயா. அதைத் தடுக்க ஆள் வைக்க வேண்டியதில்லை."

"உன் கதையை நாங்கள் மூவரும் நன்றாகப் படித்துப் பார்த்துத்தான் ஒதுக்கினோம்," என்றது கலைமான். "அதில் ஒன்றும் இல்லை."

கூட்டம் முணுமுணுத்தது. மனம் முள்ளம்பன்றியின் பக்கம் சாய்கிறது என்பதை நரி மோப்பம் பிடித்துவிட்டது. அது எழுந்து, சண்டை எதற்கு, ஒரு சோதனை வைத்துப் பார்க்கலாமே என்றது. ஒரு மைனா கதையை இங்கேயே சொல்லட்டும். பாதியில் நிறுத்தட்டும். பிறகு என்ன ஆயிற்று என்று ஒருவராவது கேட்டால் போதும், கதை எங்கு வேண்டுமானாலும் பறக்கலாம். ஒருவரும் கேட்காவிட்டால் இன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

எல்லோருக்கும் இது நியாயமாகப் பட்டது. நாங்கள் கேட்கிறோம், நாங்கள் கேட்கிறோம் என்று அணில்கள் துள்ளின.

"ஒரே ஒரு விதி," என்றது நரி. "ஏற்கெனவே கதை தெரிந்தவர்கள் கேட்கக் கூடாது. தெரிந்ததைத் தெரியாததுபோல் கேட்பது பொய் அல்லவா? கதையை முன்பே கேட்டவர்கள் எல்லாம் இடப்பக்கம் போய் நில்லுங்கள்."

முயல்கள் போயின. அணில்கள் போயின. மந்திகள், கீரிகள், சருகுமான், கடைசியாக ஆமை. முப்பத்தொரு பேரும் இடப்பக்கம் போய்விட்டார்கள். வலப்பக்கத்தில் புல்தான் இருந்தது.

நரி வாலை ஆட்டிக்கொண்டே கலைமானின் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. முள்ளம்பன்றிக்கு அப்போதுதான் வலை புரிந்தது. கதை காடு முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதுவே இப்போது அதன் கழுத்துக்குக் கயிறு. கேட்க ஆளே இல்லை.

வேறு வழி இல்லாமல் அது மைனாவுக்குத் தலையசைத்தது. மைனா தொடங்கியது.

"ஓர் எறும்பு யானையின் முதுகில் பிறந்தது. அதுதான் உலகம் என்று நினைத்தது. யானை நடந்தால், பூமி நடுங்குகிறது என்றது. யானை மண்ணை வாரி மேலே போட்டுக்கொண்டால், புழுதிக்காற்று என்று கண்ணை மூடிக்கொண்டது. உலகத்தில் இரண்டு காதுகள் அசைவதைப் பார்த்து, இரண்டு பெரிய மரங்கள் என்று கும்பிட்டது. ஒரு நாள் யானை குளிக்க ஆற்றில் இறங்கியது. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. வயிற்றுக்கு வந்தது. எறும்பு உலகத்தின் உச்சிக்கு ஓடியது. உச்சியிலும் தண்ணீர் வந்தது. அந்த நேரத்தில், அது பிறந்த நாளிலிருந்து பார்த்திராத ஒன்று, நீளமாக, வளைந்து வளைந்து, தண்ணீருக்குள்ளிருந்து அதன் எதிரே எழுந்தது..."

மைனா நிறுத்தியது.

இடப்பக்கத்தில் முப்பத்தொரு பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார்கள். ஓர் அணில் தன் வாயைத் தன் வாலாலேயே பொத்திக்கொண்டது. ஆறு ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நரி எழுந்து, அப்படியானால் முடிந்தது என்று சொல்ல வாயைத் திறந்தது.

"பிறகு?" என்று ஒரு குரல் கேட்டது.

எல்லோரும் திரும்பினார்கள். கேட்டது காட்டெருமை. அது வாயில் போட்ட புல்லை மெல்வதை மறந்து, மைனாவையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பிறகு அந்த எறும்பு என்ன ஆயிற்று?"

கலைமான் குனிந்து அதன் காதருகில் சீறியது. "நீ கேட்கக் கூடாது. நமக்குத்தான் கதை தெரியுமே. படித்தோமே."

"எனக்குத் தெரியாதே," என்றது காட்டெருமை. அதற்குச் சூது தெரியாது என்று முன்பே சொன்னோம். "நான் தூக்கித்தான் பார்த்தேன். லேசாக இருந்தது. படிப்பது உங்கள் வேலை என்றல்லவா நினைத்தேன். நீங்கள் படித்தீர்களா?"

கலைமான் கொம்பை மரத்தில் தேய்க்கத் தொடங்கியது. காட்டெருமை நரியைப் பார்த்தது. நரி தன் கால் நகத்தில் ஏதோ முள் குத்தியதுபோல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இடப்பக்கத்தில் யாரோ முதலில் சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். முள்ளம்பன்றி மட்டும் சிரிக்கவில்லை. அது காட்டெருமையின் அருகே போய் நின்றது. அவ்வளவு பெரிய உருவத்தின் அருகில் அது தானாகப் போய் நின்றது அன்றுதான்.

"மிச்சத்தைச் சொல்லச் சொல்லட்டுமா அண்ணா?" என்று கேட்டது.

"என் மரத்தடியில் வேண்டாம்," என்றது கலைமான்.

"சரி ஐயா," என்றது முள்ளம்பன்றி. ஆற்று மணலில் போய்ச் சொல்கிறோம் என்றது. மருத மரம் நல்ல மரம்தான், தான் எழுத்துப் படித்ததே அதில் தொங்கிய இலைகளைப் பார்த்துத்தான் என்றும் சொன்னது.

மைனாக்கள் முன்னால் பறந்தன. காட்டெருமை அவற்றின் பின்னால் வேகமாக நடந்தது. அதன் நிழலைப் பிடித்துக்கொண்டு சருகுமான் நடந்தது. முயல்களும் அணில்களும் மந்திகளும் கீரிகளும் போயின. ஆமையும் புறப்பட்டது. நரி சற்று நேரம் நின்று, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தது. பிறகு, ஆரம்பத்திலிருந்தே எனக்கு அந்த எறும்பைப் பிடிக்கும் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே ஓடியது.

கடைசியாகப் போன முள்ளம்பன்றி நின்று திரும்பியது.

"நீங்களும் வாருங்கள் ஐயா. மைனா நல்ல இடத்தில்தான் நிறுத்தியிருக்கிறது."

கலைமான் வேறு பக்கம் பார்த்தது. ஆனால் அதன் ஒரு காது மட்டும் ஆற்று மணலின் பக்கம் திரும்பியிருந்தது.

முள்ளம்பன்றி சிறிது நேரம் காத்திருந்தது. பிறகு போய்விட்டது.

நாற்பதில் முப்பத்தொன்பது போக, மருத மரத்தடியில் மீதி ஒன்று.

நீதி: கதைக்கு வாசல் காப்பவர் எடை பார்க்கலாம்; "பிறகு என்ன?" என்று கேட்கிறவரே தீர்ப்புச் சொல்ல வேண்டும்.