நடுக்கோம்பை பால் சங்கத்தில் லினக்ஸ் படுத்துக்கொண்ட கதை

நடுக்கோம்பை பால் சங்கத்தில் சன்னாசி செயலாளர், ஒண்டிமுத்து பால் அளக்கிறவர், பிச்சைக்கனி கேன் கழுவுகிறவர். மூன்று பேரும் தங்கமானவர்கள். சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். தொந்தரவே அதுதான்.

சங்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டது. பாலை ஊற்றினால் கொழுப்பைக் கணக்குப் போட்டுச் சீட்டு அடித்துத் தரும். சீட்டு இல்லாத பாலை வண்டிக்காரன் ஏற்றமாட்டான். அன்றைக்கு லினக்ஸைப் புதுப்பித்திருந்தார்கள். அதனால் பால் புரோகிராமை அதிலே மறுபடி கோத்துக் கட்ட, அதாவது பில்ட் பண்ண வேண்டும். பண்ணினால், பாதி தூரம் போய் சிவப்புச் சிவப்பாகப் பிழையைக் கக்கிவிட்டு நின்றுகொண்டது.

சன்னாசி பால் வரிசையை எட்டிப் பார்த்தான். காரணம் இருக்கிறது. "உருப்படியா ஒரு காரியம் செய்யத் தெரியாத ஆளு" என்று சொல்லி மாமியார் வெள்ளையம்மா மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போய் ஒரு மாதமாகிறது. காலையில்தான் மனசு இறங்கியிருந்தாள். "இன்னைக்குச் சாயங்காலம் என் மாட்டுப் பாலை ஒழுங்கா வண்டியில ஏத்திக் காட்டுங்க மாப்பிள்ளை. பொன்னுத்தாயை இன்னைக்கே அனுப்பி வைக்கிறேன்." இப்போது கேனும் கையுமாக வரிசையில் முதல் ஆளாக அவள்தான் நிற்கிறாள்.

புரோகிராம் எழுதிக் கொடுத்த செண்பகவல்லி திண்டுக்கல்லில் இருந்தாள். சன்னாசி போன் போட்டான். பிழையைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "யாரோ ஒரு பழைய லைப்ரரியைக் கையால போட்டு வச்சிருக்கீங்க அண்ணே."

"லைப்ரரின்னா?"

"முன்னமே அரைச்சு வச்ச மசாலா மாதிரி. லினக்ஸ் தானே நல்லதா ஒண்ணு வச்சிருக்கு. நீங்க போட்ட ஊசிப்போனது முன்னால இருக்கிறதால மெஷின் அதை எடுத்துக் குழம்புல போடுது. யார் போட்டது?"

"நான்தான் போட்டேன்," என்றான் சன்னாசி.

"நானும் ஒண்ணு போட்டேன்," என்றான் ஒண்டிமுத்து. "செயலாளர் போட்டது தனியா இருக்குமேன்னு."

பிச்சைக்கனி தலையைச் சொறிந்தான். "ரெண்டு பேரும் போட்டுட்டீங்க, நான் மட்டும் போடலேன்னா நல்லாவா இருக்கும்?"

செண்பகவல்லி பெருமூச்சு விட்டாள். "சரி, அழிக்க வேண்டாம். இருக்கிற இடத்திலேருந்து எடுத்து வேற இடத்துல வையுங்க."

உடனே மூன்று பேரும் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்த் தீவன அறையில் வைத்தார்கள். புண்ணாக்கு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு அது மறுபடியும் அதே பிழையைக் கக்கியது.

"கிட்டக்கவே வச்சா அதுக்கு எப்படி உறைக்கும்?" என்றான் ஒண்டிமுத்து. "தூரமா வைக்கணும்."

வேப்பமரத்தடிக்குத் தூக்கிப் போனார்கள். அத்தனை தூரத்துக்கு ஒயர் எட்டவில்லை. பெட்டி அணைந்து போனது. திரை கறுப்பாக, அமைதியாக இருந்தது.

"பிழை போயிருச்சு தாயி!" என்று சன்னாசி போனில் கத்தினான்.

"அப்படியா! புரோகிராம் ஓடுதா?"

"ஓடலை. ஆனா பிழைன்னு ஒண்ணுகூடக் கிடையாது."

விஷயம் புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. "முதல்ல பெட்டியைக் கரன்ட்டுல சொருகுங்க. அந்தப் பழசெல்லாம் மெஷின் கண்ணுல படக்கூடாது, அவ்வளவுதான் விஷயம்."

பழைய இடத்துக்கே கொண்டுவந்து சொருகினார்கள். பிச்சைக்கனி தோள் துண்டை அவிழ்த்துத் திரையை இறுக்கிக் கட்டினான். கட்டிவிட்டுக் குனிந்து, "தெரியுதா?" என்று கேட்டான். பெட்டி பதில் சொல்லவில்லை.

"தெரிஞ்சாலும் சொல்லாது. அழுத்தக்காரப் பெட்டி," என்றான் ஒண்டிமுத்து.

வரிசையிலிருந்து வெள்ளையம்மா எட்டிப் பார்த்தாள். "என்ன மாப்பிள்ளை, பெட்டிக்குத் தலைவலியா?"

சன்னாசிக்கு அழுகை வந்துவிட்டது. அது போனில் கேட்டிருக்க வேண்டும். "அண்ணே, துண்டை அவிழ்த்துட்டு எல்லாரும் கையை எடுங்க. இங்கேருந்தே உள்ள வந்து நான் பார்த்துக்கிறேன்," என்றாள் செண்பகவல்லி.

மூன்று பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். திரையில் அம்பு தன்பாட்டுக்கு ஓடியது. எழுத்துகள் தன்பாட்டுக்கு விழுந்தன. மூன்று லைப்ரரியும் போய்ச் சேர்ந்தன. பில்ட் முடிந்தது. பால் புரோகிராம் ஜம்மென்று எழுந்து உட்கார்ந்தது.

"கை படாமலே சரியாயிருச்சு பாருங்க," என்றான் பிச்சைக்கனி.

"இனிமே கையால எதையும் உள்ள விடாதீங்க," என்றாள் செண்பகவல்லி. "எது வந்தாலும் முறைப்படி, தானா வரட்டும்." போனை வைத்துவிட்டாள்.

வெளியே பால் வண்டி வந்து ஹாரன் அடித்தது. வெள்ளையம்மா வாயெல்லாம் பல்லாகக் கேனை நீட்டினாள். அதை வாங்கப்போன சன்னாசி சட்டென்று நின்றான்.

"அத்தை, இந்தப் பாலை எப்படிக் கறந்தீங்க?"

"எப்படியா? கையாலதான்."

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"நல்லவேளை, கேட்டீங்க," என்றான் ஒண்டிமுத்து.

"கையால வந்ததை உள்ள விடமுடியாது அத்தை. இப்பத்தான் பட்டுத் தெளிஞ்சிருக்கோம்."

"பின்ன எப்படிய்யா வரணும்?"

"முறைப்படி. தானா."

வரிசையில் நின்றவர்களையும் விசாரித்தார்கள். ஒருத்தர் விடாமல் கையால் கறந்தவர்கள். வண்டி காலியாகவே திரும்பிப் போனது.

வெள்ளையம்மா வீட்டுக்குப் போய் மாட்டையே ஓட்டிக்கொண்டு வந்து சங்கத்து வாசலில் கட்டினாள். "தானா வந்ததும் சொல்லி அனுப்புங்க மாப்பிள்ளை. பொன்னுத்தாயைக் கூட்டிட்டு வர்றேன்."

சன்னாசிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இவ்வளவு சுலபமாகவா! மாட்டுக்கு அடியில் கேனை வைத்தான். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு மாட்டையே பார்த்தார்கள். மாடும் அவர்களையே பார்த்தது. வெகுநேரம் கழித்து, மெல்ல வாலைத் தூக்கியது.

"வருது, வருது! பொன்னுத்தாயைக் கிளம்பச் சொல்லுங்க!" என்று கூவிக்கொண்டே சன்னாசி கேனைத் தூக்கிக்கொண்டு மாட்டின் பின்பக்கம் ஓடினான்.